சின்ன கிளப்பை எடுத்த தம்பிக்கு



ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் சின்ன கிளப் ஒன்றை எடுப்பது, நாலைந்து ஆட்டம் தோற்றதும் வேறு யாரோ கோப்பை வென்ற டாக்டிக்ஸை அப்படியே இறக்கிப் போட்டுக்கொள்வது: உன் வயதில் பலர் செய்வது இதுதான். நீ செய்யாதே. உன் அணிக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது.

இதில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் வேகம், பாஸ், உழைப்பு, தாக்குப்பிடிக்கும் திறன் என்று தனித்தனியாக 1 முதல் 20 வரை மதிப்பெண் உண்டு. எல்லோரும் விரும்பும் கேகன்பிரஸ் டாக்டிக்ஸையே எடுத்துக்கொள். பந்து பறிபோன நொடியிலேயே எதிராளி மேல் பாய வேண்டும். முன்னே பாய்கிறவர்களுக்கும் பின்வரிசைக்கும் நடுவே இடைவெளி விழாதிருக்க, டிஃபென்ஸும் மேலேறி நிற்க வேண்டும். உன் சென்டர்-பேக் இருவருக்கும் வேகம் 8தான் என்றால்? அவர்கள் தலைக்கு மேல் ஒரே ஒரு நீளப் பாஸ். எதிரணி ஸ்ட்ரைக்கர் தனியாக உன் கீப்பர் முன் நிற்பான். நடுக்களத்தில் தாக்குப்பிடிக்கும் திறனும் குறைவென்றால், 60 நிமிடத்துக்குமேல் பாய்வதற்கே ஆள் இருக்காது.

நிஜத்தில் லெஸ்டர் சிட்டி இதற்கு நேர்மாறாக ஆடித்தான் 2015-16 பிரீமியர் லீகை வென்றது. முந்தைய சீசனில் தரமிறங்காமல் தப்பியதே பெரும்பாடு. பயிற்சியாளர் ரனியேரி அணியை 4-4-2-இல் பின்னே இறக்கி நிறுத்தினார். பந்தை எதிரணியே வைத்திருக்கட்டும் என்று விட்டார். பறித்துக் கொடுக்க நடுக்களத்தில் கான்டே, பறித்ததும் எதிரணி டிஃபென்ஸின் பின்வெளியில் ஓட முன்வரிசையில் வார்டி. 81 புள்ளி, பட்டம். கையில் இருந்த கால்களைப் பார்த்து வகுத்த திட்டம் அது. நீயும் முதலில் ஆள் பட்டியலைத் திற, ஃபார்மேஷன் திரையை அப்புறம் திற.

திட்டம் வகுத்தபின் பொறுமை வேண்டும். புது வியூகம் அணிக்குப் பழகப் பயிற்சியில் பல வாரம் ஆகும். வாரம் ஒன்றாக மாற்றினால் எதுவுமே பழகாது. தோற்ற ஆட்டத்தை அழித்துவிட்டுப் பழைய சேவ் ஃபைலுக்குத் திரும்பாதே. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் அந்தத் தோல்வியில்தான் கிடக்கிறது.

வில் ஸ்டில்லைக் கேள்விப்பட்டிருப்பாய். இதே ஃபுட்பால் மேனேஜர் விளையாட்டில் ஊறிய பையன். ஆனால் நிஜக் கால்பந்தில் சீனியர் அணி வேலைக்கு அவர் நுழைந்தது வீடியோ அனலிஸ்டாக. பதிவான ஆட்டங்களை உட்கார்ந்து பார்ப்பதுதான் தொழில். 2022-இல் பிரான்ஸின் ரெய்ம்ஸ் அணியைப் பயிற்சியாளராக ஏற்றபோது வயது 30. முதல் 17 லீக் ஆட்டங்களில் தோல்வியே இல்லை.  

அவரைப் போல நீயும் அடுத்த ஆட்டத்தை ஸ்கோர் மட்டும் பார்த்துக் கடக்காமல் முழுதாக ஓடவிடு. வாங்கிய ஒவ்வொரு கோலுக்கும் பந்து எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அந்நேரம் உன் ஃபுல்-பேக் எங்கே நின்றான் என்று ஒரு தாளில் எழுது. மூன்றில் இரண்டு இடப்பக்கம் என்றால், மாற்ற வேண்டியது அந்தப் பக்க ஃபுல்-பேக் ஒருவனின் ரோல். முழு டாக்டிக்ஸும் அல்ல.