ஊசி குத்தினால் மறைக்க வேண்டாம்



நம் மஹல்லாவில் நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருத்துவமனைத் துப்புரவுப் பணி என்று வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி கைதவறித் தம் விரலில் குத்திவிட்டால், ‘சின்னக் குத்துதானே’ என்றோ, மேலே உள்ளவர்கள் ஏசுவார்கள் என்றோ சிலர் வெளியே சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான்.

ஊசியில் ஒட்டியிருக்கும் துளி இரத்தம் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவற்றைப் பரப்பக்கூடியது. நோயாளிக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், 100 பேரில் 30 பேர் வரை தொற்றலாம். எச்.ஐ.வி. 1000 பேரில் சுமார் 3 பேருக்கே தொற்றும். ஆகவே பதற்றமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.

குத்திவிட்டால் செய்ய வேண்டியவை:

1. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள்.

2. உடனே பொறுப்பாளரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். நோயாளியின் இரத்தத்தையும் உங்கள் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும்.

3. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் சொன்னால், சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

4. ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பூசி இல்லை. ஆனால், மறுபரிசோதனையில் தெரிந்துவிட்டால் மாத்திரையால் குணப்படுத்தலாம். அதனால் சொன்ன தேதியில் பரிசோதனைக்குப் போங்கள்.

குத்தாமல் தடுக்க:

போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டாதீர்கள். அந்த நேரத்தில்தான் பலருக்குக் குத்துகிறது. ஊசியைக் கையோடு அதற்குரிய வெள்ளை டப்பாவில் போடுங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் டப்பாவை மூடிவிடுங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி 3 தவணையையும் முடித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கும் கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளையோ மனைவியோ வந்து சொன்னால் ஏசாதீர்கள். அந்த நேரமே டாக்டரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

சர்க்கரை நோய்க்கு வீட்டில் இன்சுலின் போடுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாம் குப்பைப் பையில் போடும் ஊசி, குப்பை அள்ளும் சகோதரியின் கையில் குத்துகிறது. ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி, ‘ஊசி’ என்று எழுதித் தனியாகக் கொடுங்கள்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்தத் தொல்லையை நாமே போடாமல் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.