பாலன் பிறப்பு விழாவும் பிள்ளைகளின் விளையாட்டும்



கிறிஸ்து பிறப்புத் திருநாளையொட்டிப் பங்குப் பிள்ளைகளைக் கூட்டி விருந்தும் விளையாட்டும் நடத்துவது நல்ல வழக்கம். பூசை கண்டு, குடிலில் பாலனை முத்தி செய்த பிள்ளைகளுக்கு அந்த ஞான மகிழ்ச்சி ஓட்டத்தோடும் சிரிப்போடும் கலந்தால் மனத்தில் ஆழமாய்ப் பதியும். ஆனால் எந்த விளையாட்டைத் தெரிந்துகொள்வது, அதை எப்படி நடத்துவது என்பதிலும் ஒரு ஞானோபதேசம் அடங்கியிருக்கிறது. பெற்றோரும் விழா நடத்துவோரும் இதைச் சற்று ஆலோசிப்பார்களாக.

குடில் கற்பிக்கும் பாடம்

பெத்லகேம் ஊரில் தேவமாதாவுக்கும் அர்ச். சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை. பிறந்த செய்தியைச் சம்மனசு முதன்முதல் அறிவித்ததோ, வயல்வெளியில் இராக்காவல் காத்த இடையர்களுக்கு. அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தில் இதைக் காண்கிறோம்.

1223ஆம் ஆண்டு இத்தாலி நாட்டின் கிரேச்சியோ என்னும் ஊரில் அர்ச். பிரான்சிஸ்கு அசிசியார் தீவனத் தொட்டியும் வைக்கோலும் வைத்து, எருதையும் கழுதையையும் நிறுத்தி, பாலன் பிறப்பைக் கண்முன் காட்டினார். அத்திருநாளில் செல்வர்கள் ஏழைகளுக்கு வயிறார உணவளிக்க வேண்டும் என்றும், மாட்டுக்கும் கழுதைக்கும்கூட வழக்கத்தைவிட அதிகத் தீவனம் இட வேண்டும் என்றும் அவர் விரும்பினார். வாயில்லாச் சீவனையும் மறவாத திருநாளில், நம் பிள்ளைகளில் ஒன்று இடமின்றி ஓரத்தில் நிற்கலாமா? ஆகவே விழா விளையாட்டுக்கு ஒரே விதி போதும்: எந்தப் பிள்ளையும் வெளியே தள்ளப்படக்கூடாது.

நான்கு விளையாட்டுகள்

1. நாற்காலி விளையாட்டு. பாட்டு நின்றதும் இடம் கிடைக்காதவன் வெளியேறுவது வழக்கம். முதலில் வெளியேறுவது பெரும்பாலும் வயதில் சிறியவன், அல்லது கால் மெலிந்தவன். பிறகு அவன் முடிவுவரை சுவரோரம் உட்கார்ந்திருப்பான். இதை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் ஓர் இடத்தைக் குறையுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். 12 பிள்ளைகளும் கடைசியில் நான்கு இடங்களில் நெருங்கி அடங்க வேண்டும். ஒருவன் விடுபட்டாலும் எல்லோருக்கும் தோல்வி. நாற்காலி சரியும் என்று அஞ்சினால் பாய்த்துண்டுகளே போதும். பெரிய பையன் சிறியவனைக் கைகொடுத்து இழுத்துச் சேர்ப்பதை அப்போது காண்பீர்கள்.

2. இடம் தேடுதல். மெக்சிகோ நாட்டுக் கத்தோலிக்கர் டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள், இடம் தேடிய திருக்குடும்பத்தை நினைவுகூர்ந்து வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டுவார்கள். இதற்குப் போசாதா என்று பெயர். சத்திரம் என்பது பொருள். நம் பிள்ளைகளையும் ஐந்தாறு வீடுகளாகப் பிரித்து நிறுத்தலாம். சூசையப்பராகவும் மரியாயாகவும் இருவர் வந்து இடம் கேட்க, ஒவ்வொரு வீட்டாரும் ஒரு சாக்குச் சொல்லி மறுக்கட்டும். கடைசி வீடு திறக்கட்டும். பலகாரம் அங்கேதான் இருக்க வேண்டும். மறுத்த வீட்டார்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் சொல்லும் சாக்குகளைப் பெரியவர்கள் கவனித்துக் கேளுங்கள். நாம் வீட்டு வாசலில் சொல்லுகிற சாக்குகளே அவை!

3. பானை உடைத்தல். நம் உறியடியைப் போன்றதொரு விளையாட்டு மெக்சிகோவிலும் உண்டு. அங்கே ஏழு முனையுள்ள நட்சத்திர உருவத்தைத் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். ஏழு முனையும் தலையான பாவங்கள் ஏழு. கட்டிய கண் விசுவாசம். உள்ளிருந்து கொட்டும் தின்பண்டம் தேவ வரப்பிரசாதம் என்று விளக்குவார்கள். நாம் மண்பானையில் ஏழு காகிதத் துண்டுகளை ஒட்டி, அகங்காரம், லோபித்தனம், மோகம், கோபம், போசனப்பிரியம், காய்மகாரம், சோம்பல் என்று எழுதலாம். அடிப்பவனைச் சுற்றிச் சுண்ணாம்பால் அகன்ற வட்டம் போட்டு, மற்றவர்களை அதற்கு வெளியே நிறுத்துங்கள். உடைந்ததும் ஓடிப்போய் அள்ள விட்டால், உடைத்த போசனப்பிரியம் மறுநொடியே உயிர்த்தெழும்! ஓடுகளைப் பெரியவர்கள் பொறுக்கி அகற்றிய பின், மிட்டாய்களை ஒரே கூடையில் சேர்த்து, மூத்த பிள்ளைகள் சிறியவர்களுக்குச் சமமாய்ப் பங்கிடட்டும். ஆகவே தாளில் பொதிந்த மிட்டாய்களையே பானையில் இடுங்கள்.

4. பரிசு மாற்றுதல். சீட்டுக் குலுக்கி ஒருவர்க்கொருவர் பரிசு தரும்போது விலை பேசத் தொடங்கிவிடுகிறது. வாங்க வசதியில்லாத தாய், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் நிறுத்திக்கொள்வாள். ஆகவே கடைப்பொருள் கூடாது என்று முன்னதாகவே அறிவியுங்கள். பனையோலை நட்சத்திரம், வரைந்த படம், ஒரு வாரம் கணக்குச் சொல்லித் தருவதாக எழுதிய சீட்டு ஆகியவை போதும்.

முன்னேற்பாடு

ஓட்ட விளையாட்டுகளை விருந்துக்கு முன்னும், அமர்ந்து ஆடுவதைப் பின்னும் வையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பெரியவரும் சிறியவரும் கலந்திருக்கட்டும். விழாச் செலவுக்கான காசைப் பிள்ளைகளிடம் பெயர் கூப்பிட்டு வாங்க வேண்டாம். மூடிய பெட்டி ஒன்று வையுங்கள். கோயிலுக்கு அடிக்கடி வராத குடும்பத்துப் பிள்ளைகளை வீட்டுக்கே சென்று அழையுங்கள். நோயுற்ற பிள்ளையின் பங்கை அன்றைக்கே அதன் வீட்டில் சேர்ப்பியுங்கள்.

போட்டியே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடும். பள்ளியின் விளையாட்டு விழாவில் வல்லவன் ஓடி வெல்லட்டும். அதுவும் நல்ல பயிற்சியே. ஆனால் வல்லவரான தேவன் பலவீனமான பாலகனாய் வந்த திருநாளில், எளியவனுக்கு முதல் இடம் கொடுப்பதே பொருத்தம்.

வீட்டில் கலந்துரையாட

சென்ற விழாவில் நம் பிள்ளை யாரோடு விளையாடவில்லை? ஏன்?
நம் தெருவில் இவ்வாண்டு அழைக்கப்படாமல் இருக்கும் பிள்ளை யார்?
அப்பிள்ளையை அழைத்துவர நம்மில் யார் போவது?

தீர்மானம்: விழா நாளில் நம் பிள்ளையின் கையைப் பிடித்து வரும்போது, மறு கையில் இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் அழைத்து வருவோம். சேசு பாலன் நம் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.