காலை உணவுக்குள் ஒரு நோன்பு

ஆங்கிலத்தில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் கூட்டுச்சொற்களுள் 'பிரெக்ஃபஸ்ட்' ஒன்று. காலை உணவு என்று பொருள் தெரிந்துவிட்டதால், அதைப் பிரித்துப் பார்க்க நமக்குத் தோன்றுவதில்லை. பிரித்தால் 'பிரேக்' என்பது முறித்தல், 'ஃபாஸ்ட்' என்பது நோன்பு. இரவு முழுவதும் நீடித்த நோன்பை முறிக்கும் உணவு என்பதே இதன் பொருள்.

இரு சொற்கள் ஒட்டி நெடுங்காலம் வழங்கும்போது ஒலி தேய்வது மொழியின் இயல்பு. இங்கும் 'பிரேக்' என்ற நெடில் குறிலாகிவிட்டது. அதனால் நோன்பு எழுத்தில் நிற்கிறது, காதில் விழுவதில்லை.

'ஃபாஸ்ட்' என்றால் விரைவு என்றும் பொருளுண்டே, இது அவசரச் சாப்பாடா என்று சிலர் கேட்கலாம். இரண்டுக்கும் மூலப்பொருள் 'உறுதி' என்பதே. உறுதியாகத் தன்னைக் கட்டுப்படுத்துவது நோன்பாயிற்று. உறுதியுடன் தளராது ஓடுவது விரைவாயிற்று.

பழைய ஆங்கிலத்தில் காலை உணவை 'மோர்கன்மெட்டெ' என்றார்கள். 'காலைச் சாப்பாடு' என்பதே அதன் நேர்ப்பொருள். 15ஆம் நூற்றாண்டு எழுத்துகளில் 'பிரெக்ஃபஸ்ட்' காணப்படுகிறது. இன்னொரு வியப்பு, 'டின்னர்' என்ற சொல்லும் நோன்பை முறித்தல் என்ற பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததே. நாளின் முதற் பெரிய உணவைக் குறித்த அது, காலப்போக்கில் இரவுக்கு நகர்ந்துவிட்டது.

அரபு மொழியைப் பார்ப்போம். அங்கே காலை உணவு 'ஃபுதூர்'. நாம் நன்கறிந்த 'இஃப்தார்', 'ஈதுல் ஃபித்ர்' ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. அவ்வேரின் அடிப்படைப் பொருள் பிளத்தல். ஆங்கிலமும் அரபும் ஒரே குடும்பத்து மொழிகள் அல்ல. இருந்தும் இரண்டும் காலை உணவை நோன்பின் முடிவாகவே கண்டிருக்கின்றன. தமிழில் நாம் நோன்பை முறிப்பதில்லை, 'திறக்கிறோம்'. காலையில் 'பசியாறுகிறோம்'.

இச்சொல் நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. இரவு 8.00 மணிக்கு உண்ட மாணவி, காலையில் எதுவும் உண்ணாமல் வந்து 10.30 இடைவேளைவரை இருந்தால் 14½ மணித்தியாலம் ஆகிறது. இலங்கையில் ரமழான் நோன்பே ஏறத்தாழ 13½ மணித்தியாலம்தான்! அதற்கு நிய்யத் உண்டு, ஸஹர் உண்டு, நன்மையும் உண்டு. இதற்கு இவற்றில் ஒன்றுமில்லை. முதலாம் பாடத்திலேயே மேசையில் தலை சாய்க்கும் தோழியரை எங்கள் வகுப்பிலும் காண்கிறேன். ஆகவே தோழியரே, பெற்றோரே, வீட்டை விட்டுப் புறப்படுமுன் அந்த நோன்பைத் திறந்துவிடுவோம்.