பழைய கேமராவுக்கு டிரைவர் தேடும்போது ஏமாறாதீர்!



நாமக்கல் வட்டாரத்தில் டிரைவர் என்றாலே லாரிதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டருக்கும் டிரைவர் உண்டு. லாரியை வாங்கி நிறுத்திவிட்டால் மட்டும் சரக்கு ஊர் போய்ச் சேராது. ஓட்டத் தெரிந்த ஆள் வேண்டும். அதுபோலவே, யூ.எஸ்.பி. கேமராவைச் சொருகிவிட்டால் மட்டும் படம் வராது. அந்தக் கேமராவை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு புரோகிராம் வேண்டும். அதுவே டிரைவர்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. அதனால் பல கடைகளில் விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டருக்கு மாறுகிறார்கள். எடை மேடையில் மரவள்ளி லாரியைப் படம் பிடிக்கும் பழைய கேமராவைப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டினால் அது இயங்குவதில்லை என்று வைத்துக்கொள்வோம். கடைப் பையன் இணையத்தில் ‘இலவச டிரைவர்’ என்று தேடி, முதலில் வந்ததை அழுத்துகிறான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கவனிக்க வேண்டியவை

கேமராவைக் கம்ப்யூட்டரின் பின்புறம் உள்ள துளையில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு 5 மீட்டரே எல்லை. எடை மேடையிலிருந்து அறை வரை நீளமான கேபிள் இழுத்திருந்தால், குறை டிரைவரில் இல்லாமல் கேபிளில் இருக்கலாம்.

அடுத்து, விண்டோஸ் செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குச் சென்று, கேமராவுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி இல்லாவிட்டால் நல்ல கேமராவும் இருட்டாகவே தெரியும்.

எல்லாக் கேமராவுக்கும் தனி டிரைவர் தேவையில்லை. யூ.வி.சி. எனப்படும் பொது முறை 2003இல் வகுக்கப்பட்டது. அம்முறைப்படி செய்யப்பட்ட கேமராவுக்கான டிரைவர் விண்டோஸிலேயே உள்ளது. அதற்கு முன் வந்தவையும், பின்னர் வந்தும் அம்முறையைப் பின்பற்றாதவையுமே சிக்கல் தருகின்றன.

பெயரை நம்பாதீர், எண்ணைப் பாருங்கள்

கேமராவின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் சில்லு வேறொன்றாக இருக்கலாம். லாரியின் பதிவு எண்ணைப் பார்ப்பதுபோல் இதன் எண்ணைப் பார்க்க வேண்டும். வழி இதுதான்:

1. ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும்.

2. மஞ்சள் அடையாளத்துடன் தெரியும் சாதனத்தை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் என்பதில் டீடெய்ல்ஸ் பக்கத்துக்குச் செல்லவும்.

3. அங்குள்ள பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். வி.ஐ.டி. என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் தயாரித்தவரைக் குறிக்கும், பி.ஐ.டி. என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் மாடலைக் குறிக்கும். உதாரணமாக, 046டி என்றால் லாஜிடெக். இந்த எட்டு இலக்கத்தையும் தாளில் எழுதிக்கொள்ளவும்.

எங்கே பெறுவது, எப்படி நிறுவுவது?

முதலில் விண்டோஸ் அப்டேட்டில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அதற்குள் ஆப்ஷனல் அப்டேட்ஸ் என்ற இடத்தில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் தேடுங்கள். கேமராவோடு வந்த பழைய சி.டி. பெரும்பாலும் உதவாது. விண்டோஸ் 11 முழுக்க 64 பிட் வகை. 32 பிட்டுக்கு எழுதிய டிரைவர் அதில் ஓடாது. டிரைவரில் டிஜிட்டல் கையொப்பமும் இருக்க வேண்டும். லாரி டிரைவருக்கு லைசென்ஸ் கேட்பதுபோலத்தான் இதுவும்.

நிறுவுவதற்கு முன் கணக்கு விவரங்களை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். பல பழைய கேமராக்களுக்கு டிரைவரை நிறுவி முடித்த பிறகே கேமராவைச் சொருக வேண்டும். முறை மாறினால் விண்டோஸ் தவறான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும்.

செய்யக் கூடாதவை

‘எல்லா டிரைவரும் ஒரே இடத்தில்’ என்று விளம்பரம் செய்யும் புரோகிராம்களை ஏற்றாதீர். ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வழியில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் சரக்கு ஏற்றிய லாரியின் சாவியை யாராவது கொடுப்பார்களா? டிரைவர் என்பது கம்ப்யூட்டரின் அடித்தளம் வரை செல்லும் உரிமை பெற்றது. கள்ள டிரைவர் புகுந்தால் ஜி.எஸ்.டி. கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் பிறர் கைக்குப் போகும். 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற தீய புரோகிராம் உலகெங்கும் கம்ப்யூட்டர் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டதை நாம் அறிவோம். தப்பித்தவறிக் கணக்கிலிருந்து பணம் போனால், வங்கிக்கும் 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் அந்த நிமிடமே சொல்லுங்கள்.

டிரைவர் கிடைக்கவே இல்லையென்றால்?

கேமராவைத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் ஏற்றிய பழைய கம்ப்யூட்டர் இருந்தால் அதில் சொருகிப் பாருங்கள். பிரான்ஸைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், ஓய்வு நேரத்தில் 200க்கும் மேற்பட்ட கேமராக்களுக்கு லினக்ஸ் டிரைவர் எழுதினார். அந்தப் பணி 2008இல் லினக்ஸின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது. நிறுவனங்கள் கைவிட்ட பல கேமராக்கள் அதனால் இன்றும் படம் தருகின்றன.

அதுவும் ஆகவில்லையென்றால், ‘யூ.வி.சி.’ என்று அட்டையில் போட்ட புதிய கேமராவை வாங்குவதே சிக்கனம். அதன் விலை சில நூறு ரூபாயிலிருந்தே தொடங்குகிறது. கணக்குப் புத்தகம் முழுவதும் இருக்கும் கம்ப்யூட்டரைப் பணயம் வைத்து அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பது வியாபாரம் ஆகாது. இதைக் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கும் பிள்ளைகளிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.