சோக்கும் குழல் விளக்கும்

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். சில்லறைச் செலவில் மாதந்தோறும் குழல் விளக்கு வாங்கிய தொகை காணப்பட்டது. காரணம் வினவியபோது, “இக்காலத்து விளக்குகள் நிலைப்பதில்லை” என்றார் காரியதரிசி. தறிக்கூடத்தில் இரண்டடிக் குழல்களின் முனைகள் கறுத்திருந்தன. மின்பணியாளர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்தவை 40 வாட் சோக்குகள். குற்றம் விளக்கினுடையதன்று; பொருத்தத்தினுடையது. நஷ்டமோ அங்கத்தினர்களுடையது.

சோக்கின் வேலை யாது? குழலினுள் சிறிதளவு பாதரச ஆவியும் ஆர்கான் போன்ற வாயுவும் உள்ளன. அவற்றின் ஊடே மின்னோட்டம் பெருகப் பெருக, தடை குறைந்துகொண்டே போகும். தடுப்பு இல்லையேல் குழல் கணத்தில் அழிந்துவிடும். மதகு வாய்க்காலுக்கு நீரை அளந்து விடுவது போலச் சோக் மின்னோட்டத்தை அளந்து விடுகிறது. ஸ்டார்ட்டர் விலகும் கணத்தில் உயர்ந்த மின்னழுத்தத்தை எழுப்பி விளக்கை ஏற்றுவதும் அதுவே. ஆகவே, வாய்க்காலுக்கேற்ற மதகு வேண்டும்.

நான்கடி நீளமுள்ள 40 வாட் பருத்த குழலுக்கும் (38 மி.மீ.), 36 வாட் மெல்லிய குழலுக்கும் (26 மி.மீ.) வேண்டியது ஏறத்தாழ 0.43 ஆம்பியர். எனவே 36/40 என்று குறித்த இரும்புச் சோக் இரண்டிற்கும் பொருந்தும். இரண்டடி 18 வாட் குழலுக்கு 0.37 ஆம்பியரே வேண்டும். அதனை 40 வாட் சோக்கில் தனியே மாட்டினால் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாயும்; குழலின் ஆயுள் குறையும்; சோக்கும் சூடேறும். மாறாக, நான்கடிக் குழலை 18 வாட் சோக்கில் மாட்டினால் ஒளி மங்கும், ஏற்றுவதும் கடினமாகும். 28 வாட் குழலோ 16 மி.மீ. பருமனே உடையது, அதற்குரிய எலக்ட்ரானிக் சோக்கும் தாங்கியும் வேறு.

எலக்ட்ரானிக் சோக்கிற்கு ஸ்டார்ட்டர் தேவையில்லை. நான்கடிக் குழல் ஒன்றுக்கு ஏறத்தாழ 10 வாட் மீதமாகும். இருபது விளக்குகள் நாள்தோறும் 8 மணி நேரம் எரிந்தால், 25 நாட்களில் 40 யூனிட் மீதம் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

விசைத்தறிக் கூடங்களுக்கு மற்றொரு நன்மையும் உண்டு. இரும்புச் சோக்கில் எரியும் விளக்கின் ஒளி வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. அவ்வொளியில் சுழலும் சக்கரம் நின்றிருப்பது போலத் தோன்றக்கூடும். அதை நம்பிக் கை வைப்பவர் விரலை இழக்க நேரிடும். எலக்ட்ரானிக் சோக் வினாடிக்கு 20,000 சுற்றுக்களுக்கும் மேலாக இயங்குவதால் இம்மயக்கம் பெரிதும் நீங்கும். இரும்புச் சோக்கே வைத்திருப்போர், அடுத்தடுத்த விளக்குகளை மூன்று பேஸ்களிலும் பிரித்து இணைக்கச் செய்தல் நலம்.

மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023ஆம் ஆண்டில் கூடி, பாதரசமுள்ள இத்தகைய நீள் குழல்களின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027ஆம் ஆண்டுக்குள் நிறுத்துவதென முடிவு செய்தன. எல்.இ.டி. குழலுக்கு மாறும்போதும் பொருத்தம் பார்த்தே தீர வேண்டும். ஒரு வகை, இரும்புச் சோக்கை வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டருக்குப் பதில் உடன் தரப்படும் துண்டை மாட்டினால் எரியும். மற்றொரு வகைக்குச் சோக்கை நீக்கி நேரடி மின்சாரம் தர வேண்டும். எலக்ட்ரானிக் சோக்குடன் இயங்கும் என்று குறிக்கப்படாத குழலை அதில் மாட்டலாகாது. இணைப்பை மாற்றும் வேலை உரிமம் பெற்ற மின்பணியாளருடையது.

ஆகவே காரியதரிசிகள் இருப்புப் பதிவேட்டில் ஒவ்வொரு விளக்கிற்கும் எதிரே அதன் சோக்கின் வகையையும் வாட்டையும் எழுதி வைக்கவேண்டும். கடைக்குச் செல்பவர் அதனைப் பார்த்துக்கொண்டு செல்லட்டும். நீளத்தை மட்டும் அளந்து விளக்கு வாங்குவது, நூலின் எண்ணைப் பாராமல் எடையை மட்டும் பார்த்து நூல் வாங்குவதற்கு ஒப்பாகும். நெசவாளர் எவரும் அவ்வாறு செய்யார்.