கோழி வளர்ப்போர் சந்திப்பு: உங்கள் ஊருக்கு எது பொருந்தும்?

புறக்கடையில் நாலைந்து கோழி வைத்திருப்பவர் பெரும்பாலும் அதைத் தனியாகத்தான் செய்கிறார். அடை வைப்பது, குருணை போடுவது, பருந்துக்கும் கீரிக்கும் காவல் இருப்பது எல்லாம் அவரவர் வீட்டுக் காரியம். வெள்ளைக்கழிச்சல் மட்டும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. ஒரு கொல்லையில் தொடங்கினால் தெருவையே காலி செய்துவிட்டுப் போகிறது. அதைத் தடுக்கும் மருந்தும் ஒரு வீட்டு அளவில் வருவதில்லை. குப்பி ஒன்றில் பெரும்பாலும் 100 கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எட்டுக் கோழிக்காரர் ஒரு குப்பியைத் தனியாக வாங்கினால் முக்கால்வாசிக்கு மேல் வீணாகும். பத்துப் பன்னிரண்டு வீடு சேர்ந்தால் ஒரு சொட்டும் வீணாகாது.

கோழி வளர்ப்போர் ஒன்றுகூட இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ஆனால் எப்படிக் கூடுவது என்பதில்தான் நன்மையும் ஆபத்தும் பிரிகின்றன. பல கொல்லைக் கோழிகளை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் நோய்க்கு மிக எளிதான வழி. ஆகவே இடம், சாப்பாடு, பந்தல் பற்றியெல்லாம் பேசும் முன் ஒரு கேள்வியை முடித்துவிடுங்கள்: சந்திப்புக்குக் கோழிகள் வருமா, ஆட்கள் மட்டும் வருவார்களா? நான்கு வகைச் சந்திப்புகளை இந்தக் கேள்வியை வைத்தே எடை போடலாம்.

1. கோழிகளைக் கொண்டுவரும் கண்காட்சி

கூட்டம் சேர்ப்பதில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. திண்டுக்கல் பக்கம் நடக்கும் கிளிமூக்கு, விசிறிவால் சேவல் கண்காட்சிகளுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். மூக்கின் வளைவு, வாலின் நீளம், கழுத்து, நிற்கும் நிலை என்று ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துக் கற்க இதுதான் இடம். சிறுவிடைக்கும் பெருவிடைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு புதியவருக்கு ஆயிரம் வார்த்தையில் விளக்குவதைவிட இரண்டையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டுவது மேல்.

விலையும் அதற்கேற்றது. வெள்ளைக்கழிச்சல் தொற்றிய கோழி நோயைக் காட்ட இரண்டு நாளும் ஆகலாம், பதினைந்து நாளும் ஆகலாம். கண்காட்சியன்று கொண்டை சிவந்து துடிப்பாக நிற்கும் சேவல் அடுத்த வாரம் சுருண்டு விழலாம். தடுப்பூசி போட்ட கோழியும் தான் நோயில் விழாமலே கிருமியைச் சுமந்து வரக்கூடும். அதனால் வாசலில் நின்று கண்ணால் பார்த்து அனுமதிப்பது மட்டும் போதாது.

இந்த வகையைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் சில விதிகளை விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசி போட்ட கோழிக்கு மட்டும் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு, தனித் தண்ணீர்க் கிண்ணம். ஒரே நாளில் முடிய வேண்டும், இராத் தங்கல் கூடாது. திரும்பிப் போகும் கோழியை வீட்டில் மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று, நான்கு வாரம் தனியாக வைக்க வேண்டும். தனியாக வைக்க இடமில்லாதவர் கோழி இல்லாமல் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். சேவல்கள் வருகிற இடத்தில் கட்டுக்கு விடும் பேச்சும் எழும். விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதை அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

பறவைக்காய்ச்சல் செய்தி அண்டை மாவட்டத்தில் எழுந்தால் கண்காட்சியைத் தயங்காமல் தள்ளிவையுங்கள். 2006இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்நோய் இந்தியாவில் முதன்முதலாக உறுதியானது. அன்று முதல் நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள கோழிகளை அழிப்பதே அரசின் நடைமுறை. அந்த வட்டத்துக்குள் பெரிய பண்ணை, கொல்லைக் கோழி என்ற பாகுபாடு கிடையாது.

2. ஆட்கள் மட்டும் கூடும் பேச்சுக் கூட்டம்

செலவு குறைவு, நோய் ஆபத்து மிகக் குறைவு. ஊர்ச் சமுதாயக்கூடமோ ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி வகுப்பறையோ போதும். முதன்முறை கூடுகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்.

பேச்சு சலிப்பாகிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஒருவர் மேடையில் நின்று இரண்டு மணி நேரம் பேசினால் சலிக்கத்தான் செய்யும். கோழி வளர்ப்போர் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஏதாவது இருக்கிறது. சாணியும் சாக்கும் போட்டுக் கவிழ்த்த பானையில் கரையான் பிடித்துக் குஞ்சுக்குப் போடுகிறவர் இருப்பார். கூமுட்டையை ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்து எடுத்துவிடுகிறவர் இருப்பார். செள்ளு பிடித்த கூண்டைத் தீயில் வாட்டி மீட்டவர் இருப்பார். ஆளுக்கு ஐந்து நிமிடம், ஒரே ஒரு செய்தி என்று பிரித்துக் கொடுங்கள். கோழிக்குப் பதில் பொருள்கள் வரட்டும்: பஞ்சாரம், குஞ்சுக்கூண்டு, தண்ணீர்க் கிண்ணம். ஆனால் புழங்கியவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே கொண்டுவரச் சொல்லுங்கள்.

காரசாரமாக விவாதிக்கத் தலைப்பு வேண்டுமென்றால் இனத் தேர்வை வையுங்கள். நம் சிறுவிடைக் கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும். ஆனால் தானே அடை உட்கார்ந்து, குஞ்சு பொரித்து, பருந்திடமிருந்து காத்தும் கொடுக்கும். வனராஜா, கிராமப்ரியா போன்ற மேம்படுத்திய இனங்கள் இதைவிட வெகுவாக அதிகம் முட்டையிடும். அடை உட்காரும் குணம் அவற்றிடம் அரிது. குஞ்சு வேண்டுமா, முட்டை வேண்டுமா என்பதை வைத்துத்தான் விடை மாறும். கால்நடை மருத்துவரையும் அழையுங்கள். அவருக்கு நீண்ட உரை வேண்டாம், கேள்வி நேரம் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கீழாநெல்லி, சீரகம், மஞ்சள், சின்னவெங்காயம் அரைத்துக் கொடுக்கும் கைமருந்துப் பேச்சு கட்டாயம் வரும். வரட்டும், அது நம் அறிவுச் செல்வம். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று என்ற முடிவோடு யாரும் வீடு திரும்பக் கூடாது. கூட்டத்தை நடத்துபவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

3. வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது

மாடியில் கோழி வளர்க்கும் நகரத்தாருக்கு இது மிகவும் பயன்படும். எவ்வளவு இடத்தில் எத்தனை கோழி, நாற்றம் வராமல் தரையில் என்ன பரப்புவது, மழைச்சாரலை எப்படி மறைப்பது என்பதெல்லாம் நேரில் பார்த்தால்தான் புரியும்.

இங்கே கோழிகள் நகர்வதில்லை, ஆனால் செருப்புகள் நகர்கின்றன. ஒரு கொல்லையின் எச்சம் அடுத்த கொல்லைக்கு நம் காலில்தான் போகிறது. அதனால் ஒரு நாளில் இரண்டு வீட்டுக்கு மேல் வைக்காதீர்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வீட்டுச் செருப்பு நாலைந்து ஜோடி இருக்கட்டும். பார்வையாளர் தம் செருப்பை விட்டுவிட்டு அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகட்டும். நாலைந்து பேராக முறைவைத்துப் போனால் ஜோடி போதும், கோழியும் மிரளாது. உள்ளே போகும் முன்னும் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும்: மண்ணும் எச்சமும் ஒட்டிய காலை அதில் நனைத்தால் பலன் இல்லை. முதலில் தேய்த்துக் கழுவிய பிறகே மருந்துத் தண்ணீர் வேலை செய்யும். கோழியைத் தொடுவதும் தூக்குவதும் வீட்டுக்காரர் மட்டுமே.

அண்மையில் கோழி செத்த வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைச் சொல்ல அவர் கூச்சப்படாதபடி முன்கூட்டியே தனியாகக் கேளுங்கள்.

4. தடுப்பூசி நாள்

எல்லாவற்றிலும் பலன் அதிகம் தருவது இது. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரி வாக்கில் கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்) தடுப்பூசி முகாம் நடத்துகிறது. அதோடு உங்கள் சந்திப்பை இணைத்துவிட்டால் மருந்துச் செலவும் மிஞ்சும்.

இதை இரண்டு விதமாக நடத்தலாம். எல்லாரும் கோழியைத் தூக்கிக்கொண்டு ஓரிடத்துக்கு வருவது ஒன்று. மருந்து தெருவுக்கு வருவது இன்னொன்று. முதல் முறையில் வரிசையில் நிற்கும்போதே நோய் பரவ வாய்ப்பு உண்டு. இரண்டாவதையே கேளுங்கள். விடியற்காலையில் கூண்டு திறக்கும் முன் போனால் விரட்டிப் பிடிக்கும் வேலை இல்லை. பனிக்கட்டி வைத்த பெட்டியில் மருந்து வரட்டும். 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியில் இருந்தால்தான் அதற்குச் சக்தி. எந்த வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு என்ற கணக்கை முந்தின வாரமே எடுத்துக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. எட்டு வாரம் ஆனபின் இறக்கையில் தோலுக்கடியில் ஊசி. இதுதான் பொதுவான முறை. ஊசிக்குக் கோழி பிடிக்க முடியாதவர்களுக்காகத் தீவனம்போல் தின்னக் கொடுக்கும் குருணை மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. சுணங்கிக் கிடக்கும் கோழிக்கு ஊசி வேண்டாம். முதலில் மருத்துவர் பார்க்கட்டும்.

கோழி மாற்றிக்கொள்ளலாமா?

எந்த வகைச் சந்திப்பிலும் இந்த ஆசை எழும். ஒரே கொல்லையில் தலைமுறை தலைமுறையாக அண்ணன் தங்கைக் கோழிகளே இணைந்தால் குஞ்சுகள் நலிந்துபோகும்; புது ரத்தம் வேண்டும்தான். உயிர்க்கோழியைக் கைமாற்றுவதைவிட அடைமுட்டையைக் கைமாற்றுவது நல்லது. தாய்க்கோழியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போகும் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் உண்டு. அதனால் முட்டையிலும் ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சேவலைத் தூக்கிப் போவதோடு ஒப்பிட்டால் அது மிகக் குறைவு. ஒரு வாரத்துக்கு உட்பட்ட, எச்சம் ஒட்டாத முட்டையாக இருக்கட்டும். வெயில் காலமென்றால் இன்னும் புதிதாக. முட்டை மீது இட்ட தேதியையும் இனத்தையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள்.

நாளும் நேரமும்

தை, மாசி மாதங்கள் எல்லா வகைக்கும் ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, வெயில் காலத்துக் கழிச்சலுக்கு முன் தடுப்பூசி போட்டுவிட முடியும். ஐப்பசி, கார்த்திகையில் ஈரமும் சளியும் தொல்லை. சித்திரை, வைகாசியில் கூண்டில் அடைத்துக் கொண்டுவரும் கோழி வெக்கையிலேயே மூச்சு வாங்கிச் செத்துவிடும். அப்போது பேச்சுக் கூட்டம் மட்டும் போதும்.

நேரத்தைப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊர்ப்புறத்தில் கோழி பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கிறது. முட்டை விற்ற காசு அவர்கள் கைக்காசு. காலைச் சமையல் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஆண்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள், கோழியை உண்மையில் கவனிப்பவர் வீட்டில் இருப்பார். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடித்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் கோழி அடையும். அதை எண்ணி மூட அவர்கள் வீடு சேர வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழு வழியாக அழைத்தால் சரியான ஆட்கள் வருவார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

- முதல் முறை கூடுகிறீர்கள், ஒருவரையொருவர் தெரியாது: பேச்சுக் கூட்டம்.
- போன கோடையில் தெருவில் கோழி செத்தது: வேறு எதையும் யோசிக்காமல் தடுப்பூசி நாள்.
- நகரம், மாடி வளர்ப்பு, புதியவர்கள் அதிகம்: ஒன்றிரண்டு வீட்டைப் பார்ப்பது. அக்கம்பக்கத்து வீட்டாரையும் அழையுங்கள். சேவல் கூவுவது பற்றிய சண்டைகள் பாதி அங்கேயே தீரும்.
- இனம் காப்பதில் ஊறியவர்கள், எல்லாரிடமும் தனிக் கொட்டகை உண்டு: மேற்சொன்ன விதிகளோடு கண்காட்சி.
- பெரிய முட்டைப் பண்ணைகள் சூழ்ந்த நாமக்கல் போன்ற பகுதி: கோழி கொண்டுவரும் எந்த வகையும் வேண்டாம். உங்கள் கூட்டத்தில் தொடங்கும் நோய் பக்கத்துப் பண்ணையின் கூலி ஆட்களின் பிழைப்பில் போய் முடியும்.

இரண்டு வகைகளை இணைக்க விரும்பினால் தை மாத ஞாயிறு ஒன்றில் பேச்சுக் கூட்டம் வைத்து, அங்கேயே வீட்டுக் கணக்கெடுத்து, மாசியில் தடுப்பூசி நாளை முடியுங்கள். என் பார்வையில் பெரும்பாலான ஊர்களுக்கு இந்த இணைப்பே சிறந்தது. ஆட்கள் கூடுவார்கள், அறிவு கைமாறும், கோழிகள் தத்தம் கொல்லையிலேயே மேயும்.

சந்திப்பு நன்றாக நடந்ததா என்பதை அன்று வந்த தலைகளை எண்ணித் தெரிந்துகொள்ள முடியாது. தையில் எடுத்த அந்தக் கணக்கு நோட்டை ஆனியில் திரும்பவும் அதே வீடுகளுக்கு எடுத்துப் போங்கள். கோடையைத் தாண்டி எத்தனை கோழி மிஞ்சியது என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எழுதுங்கள். எண்ணிக்கை குறைந்த வீட்டாரிடம் என்ன நடந்தது என்று கேளுங்கள். அடுத்த தையில் பேசவேண்டிய முதல் தலைப்பு அந்தப் பதில்தான்.