கனவும் காண்போனும்
சைவ உபாத்தியாயர்க்கு ஒரு பாடம்

சமயபாடத்தில் ஐந்தவத்தை என்னும் பகுதியைப் படிப்பிக்கும் உபாத்தியாயர் பலர், கருவிகளின் தொகையையும் தானங்களின் பெயரையும் மாணாக்கர் நெட்டுருப் பண்ணிவிட்டால் பாடம் முடிந்தது எனக் கொள்கின்றனர். நெட்டுருப் பண்ணிய தொகை பரீட்சைக்கு மறுநாளே மறந்துபோம். கனவோ மாணாக்கன் தானே கண்டு அறிந்த பொருள். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதலே போதனாமுறையாதலின், இப்பாடத்தைக் கனவிலிருந்து தொடங்குமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நூல் கூறுவது

நனவாகிய சாக்கிரத்திலே உயிர் நுதலை இடமாகக்கொண்டு முப்பத்தைந்து கருவிகளோடு தொழிற்படும். கனவாகிய சொப்பனத்திலே ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் நுதலில் நின்றுவிட, எஞ்சிய இருபத்தைந்தோடு கண்டத்தில் நிற்கும். சுழுத்தியிலே சித்தம், பிராணன், புருடன் என்னும் மூன்றும். துரியத்திலே பிராணன், புருடன் என்னும் இரண்டும். துரியாதீதத்திலே புருடன் ஒன்றுமே உள. கனவிற் குறைவன புறக்கருவிகளே. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் அங்கே உள. இதனை மாணாக்கர் மனத்திற் பதியச்செய்க, பின்னர் வேண்டப்படும்.

வினா இரண்டு

யாம் இளமையிற் கற்ற மிஷன் வித்தியாசாலையில், பார்வோன் கண்ட ஏழு கொழுத்த பசுக்களுக்கும் ஏழு மெலிந்த பசுக்களுக்கும் யோசேப்பு பொருள் கூறிய சரித்திரத்தைப் படிப்பித்தனர். நம்மூர்ப் பாட்டிமாரும், பாம்பைக் கண்டால் இன்னது, பல் விழக் கண்டால் இன்னது என்று பலன் கூறுவர். இவை யாவும் ‘கனவின் பொருள் யாது?’ என்னும் வினாவுக்கு விடை. சித்தாந்தம் கேட்கும் வினா வேறு: ‘கனவைக் காண்பவன் யாவன்?’ சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்திலே உயிருண்மையை நிறுவப் புகுந்த மெய்கண்டதேவர், கனவையும் ஏதுவாக எடுத்தாண்டார். கனவுடம்பில் நின்று கண்டதனை, அதனை விட்டு நனவுடம்பில் வந்து நினைவுகூர்பவன் ஒருவன் உளன். அவன் அவ்விரண்டுடம்பின் வேறாவன் என்பது கருத்து.

இக்காலத்து ஆராய்ச்சி

கனவு காணும்போதே ‘இது கனவு’ என அறிதலும், அறிந்து அதன் போக்கை ஓரளவு திருப்புதலும் கூடும். இதனைத் தெளிகனவு என்பாம். ஒல்லாந்து தேசத்து வைத்தியராகிய பிரெடெரிக் வான் ஈடன் 1913-இலே தம் கனவுகளை ஆராய்ந்து இதற்குப் பெயரிட்டனர். 1953-இலே சிக்காகோ சர்வகலாசாலையார், உறங்குவோரின் கண்மணிகள் விரைந்து அசையும் ஒருவகை உறக்கம் உண்டெனவும், கனவு மிகுதியும் அப்பொழுதே நிகழும் எனவும் கண்டனர். அவ்வேளை கை கால்கள் தளர்ந்து கிடக்கும். மூச்சும் கண்மணியும் மாத்திரம் இயங்கும். 1975-இலே இங்கிலாந்தின் ஹல் சர்வகலாசாலையில், அலன் வோர்ஸ்லி என்பவர் முன்பே பேசிவைத்தபடி கனவினுள்ளிருந்து கண்களை இடமும் வலமும் அசைத்துக் குறி காட்டினர். கீத் ஹேர்ன் அதனைக் கருவியிற் பதிந்தனர். 2021-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றிலே, கனவு காண்பவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை எனக் கேட்க, அவர் கண்ணசைவால் இரண்டு என விடையிறுத்தனர்.

வெளியோசை கனவினுட் புகுதலை நாமும் அறிவோம். வெள்ளவத்தையிற் கடலோரம் வாழும் பிள்ளை விடியற்காலைப் புகைவண்டியையும், கொட்டாஞ்சேனைப் பிள்ளை கோயின் மணியையும் கனவிலே வேறொன்றாகக் கேட்டிருப்பர். மாணாக்கரைக் கேட்டறிக.

பயிற்சி முறை

ஒன்று, எழுந்தவுடன் பாயைவிட்டு எழாமலே கனவை நினைவுகூர்ந்து, பின் குறிப்புப் புத்தகத்தில் எழுதுதல். இரண்டு, பகலிலே பலமுறை ‘இது நனவோ கனவோ’ என மெய்யாகவே சோதித்தல். அச்செழுத்தை ஒருமுறை வாசித்து, கண்ணை எடுத்து மீண்டும் வாசித்தால், கனவிலே அது பெரும்பாலும் மாறிவிடும். மூன்று, உறங்குமுன் ‘கனவு காணின் அதனைக் கனவென அறிவேன்’ என உறுதி செய்தல். இடையிரவில் எழுந்து மீண்டும் உறங்கும் முறையும் ஒன்று உண்டு. அஃது உறக்கத்தைக் கெடுத்தலாற் சிறுவர்க்கு ஆகாது. மனநோயுடையார் இப்பயிற்சியை வைத்தியரைக் கேளாது மேற்கொள்ளலாகாது.

இது துரியமன்று

இவ்வாற்றல் சிறிது கைவந்தவுடன், தாம் துரியம் எய்தியதாகச் சிலர் கூறவும், அதனை நம்பிப் பிறர் அவர் பின் செல்லவும் கூடும். மேலே பதியவைத்ததனை இங்கே எடுத்துக் காட்டுக. ‘இது கனவு’ எனத் துணிதல் புத்தியின் தொழில். துரியத்திலே புத்தி இல்லை. பிராணனும் புருடனுமே உள. ஆதலின், தெளிகனவும் இருபத்தைந்து கருவிகளின் எல்லைக்குட்பட்ட சொப்பனமே. மலம் நீங்கிய நிலையன்று. கனவிலே வானிற் பறந்தவன் விழித்தபின் கோபமும் பொய்யும் குறையானாயின், அவன் பெற்ற பயன் யாது?

பூசலார் நாயனார் சரித்திரத்தையும் நினைக்க. நாயனார் மனத்தாற் கட்டிய ஆலயத்தை, இறைவர் காடவர்கோன் கனவில் எழுந்தருளி அறிவித்தனர். அக்கனவு அரசன் பழகி வரவழைத்ததன்று, திருவருள் தந்தது. பயிற்சியால் வருவதையும் அருளால் வருவதையும் ஒன்றாக மயங்கற்க.

பிள்ளைகளுக்குப் பயன்

எனினும், இவ்வறிவால் ஒரு பெரும்பயன் உண்டு. 1983-ஆம் ஆண்டு ஆடிக் கலவரத்தின்பின், இந்நகரிலே தீயைக் கனவிற் கண்டு அலறி எழுந்த பிள்ளைகள் பலர். உறங்க அஞ்சும் பிள்ளைகள் இன்றும் உளர். அவரைத் ‘திருநீறு பூசிப் படு’ என்று மாத்திரம் கூறி விடாது, பூசியபின் அருகிருந்து கேட்க. கண்டதைப் பகலிலே சொல்லச்செய்து, அதன் முடிவைத் தான் விரும்பியவாறு மாற்றச்செய்து, மாற்றியதனைத் தினமும் சிறிதுநேரம் மனத்தில் நினைக்கச்செய்க. இம்முறை தீக்கனவைக் குறைப்பதென மேனாட்டு வைத்தியரும் கையாளுகின்றனர். சொல்ல விரும்பாத பிள்ளையை வற்புறுத்தலாகாது. பெற்றோருக்கு அறிவித்தே செய்க. அச்சம் நீடித்தால் வைத்தியரிடம் அனுப்புக. ‘கனவு வரும், போம், அதனைக் கண்ட நீ போகவில்லை’ என்று அப்பிள்ளைக்கு விளங்கவைத்தல், அச்சத்துக்கு மருந்துமாம், உயிருண்மைக்கு முதற்பாடமுமாம்.

மாணாக்கரை வினாவத்தக்கன

1. நனவிலிருந்து கனவுக்குச் செல்லுகையில் நீங்கும் கருவிகள் எவை?
2. நேற்றுக் கண்ட கனவை இன்று சொல்பவன் யாவன்? அவன் கனவுடம்பின் வேறென்பது எங்ஙனம்?
3. கனவைக் கனவென அறிதல் துரியம் ஆகாமை ஏன்?
4. காடவர்கோன் கண்ட கனவுக்கும் பயிற்சியால் வரும் கனவுக்கும் வேற்றுமை யாது?